கடைசி நாள் சம்பளம்

ட்ரிங்ங்... ட்ரிங்ங்...

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே முக்கால்.

பான்கேக் மாவு கலக்கிக்கொண்டிருந்த வக்கீல் வெர்னா ஸ்கொலாஸ்கி, மாவுக் கையோடு போனை எடுத்தாள்.

"வக்கீலம்மா... நான் ரோலண்ட்."

"சொல்லுங்க ரோலண்ட். குரல் ஏன் இப்படி நடுங்குது?"

"காட்டுல இருக்கேன். கார்டி விழுந்து கிடக்கான். அவன் வேட்டைப் பரணுக்குக் கீழேயே. பனியெல்லாம் ரத்தம்..."

"மூச்சு இருக்கா?"

"கூப்பிட்டுப் பார்த்தேன். கண்ணு திறந்திருக்கு, பதில் இல்ல. குனிஞ்சு தொட்டுப் பார்க்கலாம்னா, குனிஞ்சா என்னால எழுந்திருக்க முடியாதே."

"ஆம்புலன்ஸ்?"

"சொல்லிட்டேன். வந்துட்டிருக்கு."

வெர்னா அடுப்பை அணைத்தாள். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் ரோலண்டுக்காகச் சாட்சி சொல்லவிருந்த ஒரே ஆள் கார்டி நீமி. அவன்தான் இப்போது பனியில் கிடக்கிறான்!

வழக்கு இதுதான்.

டாமராக் ஃபால்ஸ் ஊரில் கதவு செய்யும் ஃபேக்டரி ஒன்று. ரோலண்ட் ஸாஸ்ட்ரோ அங்கே முப்பத்தொரு வருடம் மெஷின் ஓட்டியவர். போன வருடம் செப்டம்பரில் வீட்டுக் கூரையிலிருந்து விழுந்தார். முதுகெலும்பு போயிற்று. டாக்டர் படுக்கச் சொன்னார். ஆனால் அக்டோபரில் ஃபோர்மேன் கார்டி வீடு தேடி வந்து கெஞ்சினான். பெரிய ஆர்டர், புது மெஷினைச் சரிபண்ணத் தெரிந்தவன் நீ ஒருத்தன்தான், வந்து உட்கார்ந்து சொல்லிக்கொடு, போதும். ரோலண்ட் மறுக்கவில்லை. வலி மாத்திரையை விழுங்கிவிட்டு மூன்று வாரம், தினம் நான்கு மணி நேரம் போனார். பிறகு ஒரேயடியாகப் படுத்துவிட்டார்.

இனி வேலையே செய்ய முடியாதவர்களுக்கு மாதாமாதம் பணம் தரும் இன்சூரன்ஸ் ஃபேக்டரியில் உண்டு. கடைசியாக வேலை பார்த்த நாளின் சம்பளத்தில் அறுபது சதவீதம்.

இன்சூரன்ஸ் கம்பெனி கணக்குப் போட்டது. கடைசி நாள் எது? அக்டோபர் இருபத்துநான்கு. அன்று எத்தனை மணி நேரம்? நான்கு. ஆக, இவர் அரை நாள் தொழிலாளி. அரைச் சம்பளத்தில்தான் அறுபது சதவீதம்!

படுத்தே கிடந்திருந்தால் முழுசாக வந்திருக்கும். நண்பனுக்கு உதவப் போன பாவத்துக்குப் பாதி போனது. அந்தப் பாதியில் வீட்டுக் கடன் கட்ட முடியாது. அறுபது வயதில், ஒடிந்த முதுகோடு, ரோலண்ட் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

மாலைக்குள் அடுத்த இடி விழுந்தது. ரோலண்டையே பிடித்துப் போட்டுவிட்டார்கள்!

ஷெரீஃப் ஆபீஸில் டிடெக்டிவ் டேல் தீடேயின் மேஜையைத் தட்டினாள் வெர்னா. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

"உன் மூளை என்ன பனியில உறைஞ்சு போச்சா டேல்? ஷூ லேஸ் கட்ட முடியாத மனுஷன் கொலை பண்ணுவாரா?"

"கத்தாதே வெர்னா. கார்டி தானா விழலை. பின்னந்தலையில கட்டையால அடிச்சிருக்காங்க. எட்டு மணிக்கு முன்னாடியே உயிர் போயிடுச்சுன்னு டாக்டர் சொல்றார். ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னாடி பாதையில இருந்த ஒரே வண்டித் தடம் ரோலண்டோடது. கால் தடத்தையெல்லாம் வந்தவங்க மிதிச்சு அழிச்சுட்டாங்க."

"காப்பி கொண்டு போனார்டா. ஒவ்வொரு சீசனும் ரெண்டு பேரும் ஒண்ணா வேட்டைக்குப் போனவங்க. இப்ப பரண் ஏற முடியலை. அதனால ட்ரக்ல உட்கார்ந்து, கார்டி இறங்கி வர்றதுக்காகக் காத்திருந்தார்."

"கட்டையைத் தூக்க முடியாதவர்னு நீ சொல்றே. இன்சூரன்ஸ்காரங்க வேற சொல்றாங்க. அவரு பனி உருக்கற உப்பு மூட்டையைத் தூக்கற படத்தை எனக்கு அனுப்பியிருக்காங்க."

"எவ்வளவு நேரம் ஓடுது அந்தப் படம்?"

"ஆறு செகண்ட்."

"ஏழாவது செகண்ட்ல அவர் கீழே விழுந்தார். அதை யார் வெட்டினதுன்னு கேட்டியா?"

தீடே ஃபைலை மூடினான்.

திங்கட்கிழமை நிலைமை இன்னும் மோசமானது. தலைமை ஆபீஸ் இருக்கும் கனெக்டிகட்டிலிருந்து விமானத்தில் வந்திருந்த இன்சூரன்ஸ் அதிகாரி பிரெஸ்டன் விட்லாக் ஒரு காகிதத்தை ஷெரீஃப் ஆபீஸில் கொடுத்தார். கார்டி கையெழுத்திட்ட வாக்குமூலமாம். ரோலண்டை நான் கூப்பிடவே இல்லை, அரை நாள் வேலையை அவரேதான் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று அதில் இருந்ததாம். நண்பன் காலை வாரிவிட்டான், அந்தக் கோபத்தில் ரோலண்ட் அடித்துவிட்டார். காரணமும் கிடைத்துவிட்டது!

வெர்னா நகல் கேட்டாள். தேங்க்ஸ்கிவிங் விடுமுறை குறுக்கே வந்தது. ஊரே வான்கோழி தின்றுகொண்டிருந்தபோது ரோலண்ட் லாக்கப்பின் இரும்புக் கட்டிலில் படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் கிடந்தார்.

"கார்டி அப்படி எழுதியிருக்க மாட்டான் வக்கீலம்மா," என்றார், பார்க்கப் போன வெர்னாவிடம். "வீடு போனாப் போகுது. அவன் என்னைக் காட்டிக்குடுத்துட்டுச் செத்தான்னு மட்டும் சொல்லாதீங்க."

வெர்னா தலையசைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை நகல் கைக்கு வந்தது.

ஒரு முறை படித்தாள். கையெழுத்து கார்டியுடையதைப் போலவே இருந்தது. மறுபடி படித்தாள். கடைசி வரியில் கண் நின்றது.

கோட்டைக்கூட மாட்டாமல் ஷெரீஃப் ஆபீஸுக்கு ஓடினாள்.

"டேல், இதோட கடைசி வரியைப் படி. சத்தமா."

"நவம்பர் இருபத்திரண்டு, சனிக்கிழமை, காலை பத்து மணி. ஃபேக்டரி ஆபீஸ்ல வெச்சு, பிரெஸ்டன் விட்லாக் முன்னிலையில..." தீடேயின் குரல் இறங்கியது.

"அன்னிக்குக் காலையில பத்து மணிக்கு நீ எங்க இருந்தே?"

"பரண் மேல."

"ஊர்ப் பாதிரியார்?"

"அவரும் பரண் மேலதான்." தீடே தலையைச் சொறிந்தான். "மான் வேட்டை சீசனோட முதல் நாள். ஃபேக்டரிக் கதவுல பூட்டு தொங்கியிருக்கும். பிரசவ வலியில பொண்டாட்டி துடிச்சாலும் அன்னிக்குக் கார்டி காட்டை விட்டு வந்திருக்க மாட்டான்... நான் கையெழுத்தை மட்டும்தான் பார்த்தேன் வெர்னா. தேதியை யாரு பார்க்கறா?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் கார்டி என் ஆபீஸ்ல இருந்தான். ரோலண்டுக்காகத்தான் பேசப் போறேன்னு சொன்னான். ஞாயித்துக்கிழமை செத்துட்டான். நடுவுல மனசு மாறினதாக் காட்டணும்னா சனிக்கிழமையைத் தவிர வேற நாள் இல்ல. முதல் நாள்னா என்னன்னு தெரியாத வெளியூர்க்காரனுக்கு அது வெறும் சனிக்கிழமை."

அரை மணி நேரத்தில் பிரெஸ்டன் விட்லாக் வரவழைக்கப்பட்டார். சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு. பளபளக்கும் ஷூ. தேதியைக் காட்டி வெர்னா கேட்டதும் புன்னகைத்தார்.

"டைப்பிங் தவறு மேடம். அது வெள்ளிக்கிழமை. தேதியை என் செக்ரெட்டரி மாத்திப் போட்டுட்டாங்க."

"வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கா?"

"ஆமா."

"அப்புறம் சாயங்காலம் எங்கிட்ட வந்து நேர்மாறா ஏன் பேசினான்?"

"செத்தவரைத்தான் கேக்கணும். நான் போகலாமா டிடெக்டிவ்? ராத்திரி ஃப்ளைட் பிடிக்கணும்."

"நாளைக்குக் காலை வரைக்கும் ஊர்லயே இருங்க," என்றான் தீடே. "அப்புறம் போகலாம்."

அவர் போன பிறகு தீடே உதட்டைப் பிதுக்கினான். "போர்ஜரின்னு வேணா கேஸ் போடலாம். அதுக்காக ரோலண்டை வெளியே விட முடியாது. அந்தாளு காட்டுப் பக்கம் போனதைப் பார்த்தவங்க யாராவது இருந்தா சொல்லு."

வெர்னா தலை குனிந்து தன் ஆபீஸுக்குத் திரும்பினாள்.

வாசலில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். தாடி. அழுக்கு ஜாக்கெட். மூக்கு சிவந்திருந்தது.

"சம்பளத்தைத் தப்பாக் கணக்கு போடற கம்பெனிங்க மேல கேஸ் போடற வக்கீல் நீங்கதானே?"

"ஆமா. உள்ளே வாங்க. என்ன பிரச்சினை?"

"என் பேர் மெல்வின். ஒளிஞ்சிருந்து படம் எடுக்கறது என் தொழில். உடம்பு முடியலைன்னு இன்சூரன்ஸ் பணம் கேக்கறவங்க பின்னாடி போகணும். அவங்க ஓடினா, குதிச்சா எடுத்துக் குடுக்கணும்."

வெர்னாவுக்கு வெறுப்பு பொங்கியது. அடக்கிக்கொண்டாள்.

"சரி. யாரு காசு தரலை?"

"ஒரு கனெக்டிகட் கம்பெனி. உங்க ஆள் ரோலண்டைத்தான் எடுக்கச் சொன்னாங்க. சீசன் வந்தா மனுஷன் துப்பாக்கியைத் தூக்கிட்டுக் கிளம்புவான், மாட்டிக்குவான்னு சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணியிலேர்ந்து அவர் வீட்டு வாசல்ல காவல். அப்புறம் ட்ரக் பின்னாடியே காட்டு ரோடு வரைக்கும் போனேன். சனிக்கிழமையையும் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம் குளிர்ல செத்துட்டு, எட்டரைக்கு ஊருக்குக் கிளம்பிட்டேன். ஆள் அசையற நிமிஷத்துக்கு மட்டும்தான் காசாம்! அந்த மனுஷன் எங்க அசையறார்? ட்ரக்ல உட்கார்ந்து காப்பி குடிக்கறார். பதினோரு நிமிஷக் காசு குடுத்து அனுப்பறாங்க. இது நியாயமா?"

வெர்னா மெல்ல எழுந்தாள். குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது.

"மெல்வின்... அந்தப் படம் எங்கே?"

"என்கிட்டதான் இருக்கு. காசு குடுக்காம எப்படித் தருவேன்?"

"போடுங்க."

லேப்டாப் திரையில் பனி. காடு. மணி எட்டு ஐந்து. ரோலண்டின் ட்ரக் வந்து நிற்கிறது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஆரஞ்சுத் தொப்பியோடு அவர். ஒரு நிமிடம். மூன்று நிமிடம். எட்டு பத்து...

ட்ரக்கின் பின்பக்கம், மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு உருவம் வெளியே வந்தது. சீசனில் காட்டுக்குள் போகிற எவனும், குண்டடி படாமலிருக்க, ஆரஞ்சுச் சட்டை மாட்டாமல் போகமாட்டான். இவன் போயிருந்தான்.

சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு!

கையைப் பனியில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு, ட்ரக்கைக் கண்டதும் குனிந்து, எதிர்த்திசையில் ஓடினார் பிரெஸ்டன் விட்லாக். ரோலண்ட் பார்க்கவில்லை. பின்னால் திரும்பிப் பார்க்க அவருடைய முதுகு விடாது.

"இந்தக் கோட்டுக்காரர் அசைஞ்ச நிமிஷத்துக்கும் காசு கேக்கலாமா?" என்றான் மெல்வின்.

செவ்வாய்க்கிழமை காலை, ஷெரீஃப் ஆபீஸ். படம் ஓடி முடிந்தபோது பிரெஸ்டனின் முகத்தில் ஈயாடவில்லை.

"நான் கொல்லணும்னு போகலை..."

"பின்னே எதுக்குப் போனீங்க?" தீடே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"கையெழுத்து வாங்கத்தான். சனிக்கிழமை பூரா போன் பண்ணேன், கார்டி எடுக்கலை. மறுநாள் ரோட்ல காரை விட்டுட்டு, மரங்களுக்குள்ள நடந்து காட்டுக்கே போனேன். பரணை விட்டு இறங்கி வந்து என் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டான். முதுகு ஒடிஞ்ச ஆளைக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தது நான்தான், அந்த நாலு மணி நேரம் அவர் எனக்காகச் செஞ்ச உதவி, கோர்ட்ல அப்படியேதான் சொல்வேன்னு கத்தினான்."

"அதுக்காகவா?"

"இதே மாதிரி நாப்பத்திரண்டு பேருக்கு அரைச் சம்பளக் கணக்கு போட்டது நான். போனஸ் வாங்கியிருக்கேன். ரோலண்ட் ஒருத்தன் ஜெயிச்சா அத்தனை ஃபைலையும் திறப்பாங்க. கார்டி திரும்பி ஏணியில கால் வெச்சான். கீழே ஒரு கட்டை கிடந்துச்சு..."

மூலையில் நின்றிருந்த வெர்னா முன்னால் வந்தாள்.

"டேல்," என்றாள் வெர்னா. "ரெக்கார்டர் ஓடுதா?"

"ஓடுது."

"கார்டியால கோர்ட்ல சொல்ல முடியாமப் போன சாட்சியத்தை இவர் வாயாலயே சொல்லிட்டார். வார்த்தை மாறாம."

பிரெஸ்டன் அப்போதுதான் வாயை மூடினார்.

அன்று மாலை ரோலண்ட் வெளியே வந்தார். நேராகக் கார்டியின் கல்லறைக்குத்தான் போகச் சொன்னார். அங்கே வாய்விட்டு அழுதார். வெர்னா அவரைத் தனியே விட்டுவிட்டுக் காரில் காத்திருந்தாள்.

ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. கார்டியைக் கொன்றதற்கான காரணமே ரோலண்டின் கணக்கு சரி என்பதற்குச் சாட்சியமாகிவிட்டது. முழுநாள் சம்பளத்தில்தான் அறுபது சதவீதம்! வீடு தப்பியது. நாற்பத்திரண்டு ஃபைல்களும் திறந்தன.

மே மாதத்தில் முதல் காசோலை வந்தது. கூடவே ஒரு கடிதம். ரோலண்டின் சமையலறையில் உட்கார்ந்து வெர்னா அதைப் படித்தாள். படிக்கப் படிக்க முகம் சிவந்தது.

"என்ன வக்கீலம்மா? குறைச்சிருக்காங்களா?"

"ஒன்பது நாள் பிடித்தம்."

"எதுக்கு?"

"பாலிசி, முப்பத்தெட்டாம் பக்கமாம். பயனாளி காவலில் இருக்கும் நாட்களுக்கு உதவித்தொகை கிடையாது." வெர்னா கடிதத்தை மேஜையில் அடித்தாள். "அவங்க ஆளே கொலை பண்ணிட்டு, அவங்க ஆளே பொய்க் காகிதம் குடுத்து, உங்களை உள்ளே தள்ளி... மேல்முறையீடு பண்றேன் ரோலண்ட். விடமாட்டேன்."

ரோலண்ட் முதுகுக்குத் தலையணையை நகர்த்திக்கொண்டார்.

"விடுங்க வக்கீலம்மா. நல்லவேளை, அந்தாளு என்னை அடிக்கலை. அடிச்சிருந்தா, செத்தவன் கடைசி நாள்ல எத்தனை மணி நேரம் உயிரோட இருந்தான்னு கேட்டு, அதுக்கும் அரை நாள் போட்டிருப்பானுங்க."