தமிழில் சொன்னால்தான்

பிராஸோஸ் ஆற்றோர நடைபாதையில் அதுவரை காதைத் துளைத்துக்கொண்டிருந்த தவளைச் சத்தம் சட்டென்று நின்றுபோனது. சபரிநாதன் அதைக் கவனித்தான். ஆனால் யோசிக்கிற நிலையில் அவன் இல்லை. காலையில் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில், சுகர் லேண்ட் என்ற அந்த அமெரிக்க ஊரிலுள்ள கோயமுத்தூர்க்காரர்கள் அத்தனை பேரும் பார்க்க, ஏழு வயது மகள் ஓவியா மேடையில் வாயே திறக்காமல் மரம் மாதிரி நின்ற எரிச்சல் அவனுக்கு இன்னும் அடங்கவில்லை. நன்றாகப் பேசுவாள் என்று லஞ்சமாக, மிதித்தால் சிவப்பாக மின்னும் ஷூ வேறு வாங்கிக் கொடுத்திருந்தான்.

“அப்பா, ஸ்லோ டவுன்! மை லெக்ஸ் ஹர்ட்!”

“தமிழ்ல சொல்லு. இங்கிலீஷ்ல பேசுனா திரும்பக்கூட மாட்டேன்னு சொன்னனா இல்லியா?”

சொன்னபடியே திரும்பாமல் நடந்தான். இருட்டிக்கொண்டு வந்தது. பாதையை ஒட்டி ஆளுயர நாணல், அதற்கு அந்தப் பக்கம் மழைத் தண்ணீரில் பெருத்துப் பழுப்பாக ஓடும் ஆறு, சேறும் அழுகிய இலையும் கலந்த வாடை. காற்றே இல்லை. நாணல் மட்டும் அவனோடு கூடவே அசைந்து வந்தது.

“அப்பா, சம்படி இஸ் இன் த க்ராஸ்!”

புல்லுக்குள் யாரோ இருக்கிறார்களாம். நல்ல சாக்கு. அவன் நடையை எட்டிப் போட்டான்.

“அப்பா... ப்ளீஸ்...” குரல் தூரத்தில் தேய்ந்தது.

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தான். பிறகு, இடுப்புக்குப் பக்கத்தில், மெதுவாக:

“கையப் புடிச்சுக்குங்கப்பா. பயமா இருக்குதுங்க.”

சுத்தமான கொங்குத் தமிழ். சபரிநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமையோடு கையை நீட்டிப் பிடித்துக்கொண்டான். ஈரமான, குட்டிக் கை.

“ஏங் கண்ணு, கை இப்படிச் சில்லுன்னு இருக்குது?”

“ரொம்ப நாளாத் தண்ணிலயே இருந்தனுங்கப்பா.”

அவன் கால்கள் நின்றன.

பின்னால், வெகு தூரத்தில், வளைவுக்கு அப்பாலிருந்து: “அப்பா! வெயிட்! ஹூ இஸ் தட் வித் யூ?”

குனிந்து பார்க்க முடியவில்லை. அந்தக் குட்டி விரல்கள் இறுகின.

“ஓவியா, வராத! கார்கிட்ட ஓடு! ஓடு கண்ணு!”

“வாட்? ஐ காண்ட் ஹியர் யூ! ஐம் கமிங்!”

ஆபீஸில் நாள் முழுக்கப் பேசுகிற இங்கிலீஷ், அந்த நேரத்துக்கு ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை.

அந்தச் சில்லிட்ட கை நழுவியது. நாணல் வளைவை நோக்கி அசைந்தது. அங்கே இருட்டில் ஷூவின் சிவப்பு மின்னல். இன்னொன்று. நின்றது.

தண்ணீரில் ஒரே ஒரு சத்தம்.

ஓடினான். பாதி தூரத்தில் நின்றுவிட்டான். சிவப்பு விளக்குகள் மறுபடி மின்ன ஆரம்பித்திருந்தன. மெதுவாக. அவனை நோக்கி.

“வந்துட்டனுங்கப்பா,” என்றது ஓவியாவின் குரல். “ஊட்டுக்குப் போலாமுங்களா?”

வலது ஷூ இடது காலில் இருந்தது. இரண்டிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.