கம்ப்யூட்டர் அக்கா

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய நித்யஸ்ரீ, ஹாலில் அணைந்து கிடந்த கம்ப்யூட்டரைப் பார்த்து, "போயிட்டு வரேன்க்கா" என்றாள்.

"போயிட்டு வா" என்றது கம்ப்யூட்டர்.

சமையலறையில் டிபன் டப்பாவுக்கு மூடி தேடிக்கொண்டிருந்த சுப்ரஜாவுக்கு அதில் முதலில் ஒன்றும் தப்பாகப் படவில்லை. சில வாரங்களாகவே அந்தப் பெட்டிக்குள் ஓர் அக்கா குடியிருக்கிறாள். இங்கிலீஷ் ஸ்பெல்லிங் சொல்லித்தரும் விளையாட்டு அது. திரையின் மூலையில் ரெட்டைப் பின்னல் பொம்மை ஒன்று நின்றுகொண்டு, சரியாகச் சொன்னால் கைதட்டும், தப்பாகச் சொன்னால் உதட்டைப் பிதுக்கும். மூடியைக் கண்டுபிடித்து அழுத்திய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்த அக்காவுக்குத் தமிழ் தெரியாது. 'குட் ஜாப்', 'ட்ரை அகெய்ன்', 'பை பை' என்று சீமை உச்சரிப்பில் பேசத்தான் தெரியும்.

ஹாலுக்கு வந்து பார்த்தாள். திரை கறுப்பாக இருந்தது. ஸ்லீப் மோடில் இருந்திருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

"யாருடி அதுக்குத் தமிழ் கத்துக்குடுத்தது?"

"நான்தாம்மா." நித்யாவுக்கு ஒரே பெருமை. "அக்கா 'பை'ன்னு மட்டும்தான் சொல்லும். எங்க வீட்ல போறேன்னு சொல்லக்கூடாது, அம்மா திட்டுவாங்கன்னு சொன்னேன். எதுக்குன்னு கேட்டுச்சு. வான்னு சொல்லி அனுப்பினா கண்டிப்பா திரும்பி வந்துடுவாங்கன்னேன்."

"அதுக்கு என்ன சொல்லிச்சு?"

"சொல்லாட்டி என்ன ஆகும்னு கேட்டுச்சும்மா."

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. கம்ப்யூட்டர் முன்னால் போட்டிருந்த நாற்காலியை விட்டு நித்யா எழுந்திருக்கவில்லை. கறுப்புத் திரையில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அங்க ரொம்ப இருட்டாம்மா. ஒருத்தருக்குத்தான் இடமாம். அக்காவுக்கு வெளிய வரணுமாம்."

இரண்டாவது ஹாரன். அடுப்பில் பால். சுப்ரஜாவுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. கையைப் பிடித்து இழுத்து, ரெயின்கோட்டை மாட்டி, வாசல்படியில் கொண்டுபோய் விட்டாள். "போ! மொதல்ல இங்கேருந்து போ!"

மழைத் தூறலில் கேட் அருகே போன குழந்தை திரும்பி நின்றது. எதற்காக நிற்கிறாள் என்பது அம்மாவுக்குத் தெரியும். ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அதற்குள் உள்ளே பால் பொங்கிச் சிந்துகிற சத்தம் கேட்டது, சுப்ரஜா ஓடினாள். அடுப்பைத் துடைத்துவிட்டு வந்து பார்க்கும்போது வேன் போயிருந்தது.

இந்தச் சனியன் வீட்டுக்குள் வந்த கதை ஊர் உலகத்தில் எல்லா வீட்டிலும் நடக்கிற கதைதான். குழந்தை படம் வரைய வேண்டும் என்று அவள் அப்பா ஷ்யாம்சுந்தர் ஓசியில் ஏதோ ஒரு வரையும் புரோகிராமை இறக்கினான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காத நல்ல மனிதன், கேட்ட இடத்திலெல்லாம் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டிக்கொண்டே போனான். வரையும் புரோகிராம் வேலை செய்யவேயில்லை. கூடவே ஒட்டிக்கொண்டு வந்த அக்கா மட்டும் தங்கிவிட்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்டாயிற்று. அதற்கப்புறம் குழந்தை சரியாகச் சாப்பிடுவதில்லை, தெருவில் விளையாடப் போவதில்லை, தூங்கும்போது பக்கத்தில் இன்னொரு ஆளுக்கு இடம் விட்டுப் படுக்கிறாள். இதையெல்லாம் சுப்ரஜா கொஞ்ச நாளாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று குழந்தை திரும்பி வருவதற்குள் அதைத் துரத்திவிடுவது என்று முடிவு செய்தாள்.

மதியம் மழை வலுத்தது. சிட்லபாக்கம் ஏரிப் பக்கமிருந்து வந்த காற்றில் சேறும் ஆகாயத்தாமரையும் கலந்த வாடை ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே நுழைந்து, துணி உலராத வீட்டின் புழுக்கத்தோடு சேர்ந்துகொண்டது. மூன்று மணிக்கே விளக்கு போட வேண்டியிருந்தது, அந்த விளக்கும் லோ வோல்டேஜில் மங்கலாக எரிந்தது. கேளம்பாக்கத்தில் ஆபீஸில் இருந்த ஷ்யாமுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அந்தப் படத்தை நாலு தடவை டெலீட் பண்ணிட்டேன் ஷ்யாம். திரும்பத் திரும்ப வருது."

"ஐகானை டெலீட் பண்ணா எப்படிப் போகும் சுபி? செருப்பைத் தூக்கி வெளிய வீசிட்டு ஆளை உள்ளயே உக்கார வச்சிருக்கே. மொதல்ல நெட்டை ஆஃப் பண்ணு. போட்டோ எல்லாம் பென் டிரைவ்ல எடுத்துக்கோ, ஏதாவது ஆச்சுன்னா போயிடும். அப்புறம் செட்டிங்ஸ் போய் ஆப்ஸ் லிஸ்ட்ல அதைப் பிடிச்சு அன்இன்ஸ்டால் கொடு. ரீஸ்டார்ட் பண்ணு. கடைசியா ஆன்ட்டி வைரஸ் ஒரு தடவை ஓட விடு. அவ்ளோதான்."

"ஏதாவது கேட்டா?"

"ஏன் தூக்கறேன்னு கேக்கும். இந்த மாதிரி புரோகிராம் எல்லாமே அழுது வடியும், என்னைத் தூக்காதேன்னு. எதையாவது அமுக்கிட்டு வா. எனக்கு மீட்டிங், வைக்கிறேன்."

போட்டோக்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. நித்யாவின் முதல் பல், திருநீர்மலைப் படிகளில் மொட்டைத் தலையோடு நித்யா, ஸ்கூல் ஷூவை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு சிரிக்கிற நித்யா. மேஜைக்கு அடியில் கம்ப்யூட்டரின் விசிறி சுற்றியது. சூடேறிய தூசியின் வாடை காலடியிலிருந்து எழுந்தது. விசிறிச் சத்தம் ஏறியும் இறங்கியும் வந்தது. தூங்குகிற குழந்தை மூச்சு விடுகிற மாதிரி. அவள் காலை மடக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டாள்.

லிஸ்ட்டில் அது இருந்தது. அன்இன்ஸ்டால் அமுக்கினாள்.

பொம்மை திரையின் நடுவுக்கு வந்தது. என்னை ஏன் நீக்குகிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டது. கீழே நாலைந்து காரணங்கள் வரிசையாக இருந்தன. 'என் குழந்தைக்கு இது தேவையில்லை' என்பதை அமுக்கினாள். நிச்சயமா என்று கேட்டது. ஆமாம். மிச்சம் மீதி இல்லாமல் எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டது. ஆமாம், ஆமாம்.

பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக மெல்ல ஊர்ந்தது. பொம்மையின் கால்கள் மறைந்தன. பாவாடை மறைந்தது. கோடு முனையைத் தொடப்போகிற நேரத்தில் ஸ்பீக்கரில் அந்தச் சீமைக் குரல் தெளிவாகச் சொன்னது:

"நான் போயிட்டு வரேம்மா."

"சரி, போயிட்டு வா" என்றாள் சுப்ரஜா.

அவள் யோசிக்கவேயில்லை. பால்காரர், கேஸ்காரர், சொந்தக்காரர் என்று இந்த வீட்டு வாசலில் நின்று போகிறேன் என்று சொன்ன அத்தனை பேருக்கும் சொன்ன வார்த்தை. நாக்கு தானாகவே சொல்லிவிட்டது. பொம்மை மறைந்தது. திரையில் தாம்பரம் ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படம் மட்டும் நின்றது.

ரீஸ்டார்ட் செய்தாள். லிஸ்ட்டில் தேடினாள், இல்லை. ஆன்ட்டி வைரஸ் ஓடி முடிந்து ஒன்றுமில்லை என்றது. இருந்தும் மனசு கேட்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கிப் போட்டாள். அப்போதுதான் பெருமூச்சு வந்தது. குழந்தை ஒரு நாள் அழுவாள், இரண்டாம் நாள் மறந்துவிடுவாள். காலையில் கத்தினதற்கு இன்று அவளைக் கட்டிக்கொண்டு ஸாரி சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வெங்காய பஜ்ஜிக்கு மாவு கரைத்தாள்.

கேட் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

வேன் ஹாரன் கேட்கவில்லை. மழை இரைச்சலில் காதில் விழுந்திருக்காது.

"நித்து? நில்லு, துண்டு எடுத்துட்டு வரேன்."

துண்டோடு ஹாலுக்கு வந்தாள். நித்யா வந்து கம்ப்யூட்டர் மேஜைக்கு அருகே நின்றுகொண்டிருந்தாள். யூனிஃபார்ம்தான், ரெயின்கோட் இல்லை. பின்னல் அவிழவில்லை. வெளியே கொட்டுகிறது. குழந்தையின் தலையில் ஒரு பொட்டு ஈரமில்லை. தரையிலும் இல்லை. காலில் ஷூ இல்லை.

"ஷூ எங்கடி? பை எங்க?"

குழந்தை சிரித்தாள். சாப்பாட்டு மேஜையில் மதியம் மிச்சமான பாகற்காய்ப் பொரியல் இருந்தது. பெயரைச் சொன்னாலே ஓடுகிறவள், நாற்காலியில் ஏறி, பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு துண்டு விடாமல் தின்றாள். சுப்ரஜா துண்டைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றாள். தின்று முடித்துக் குழந்தை நிமிர்ந்தது.

"குட் ஜாப்" என்றது.

போன் அடித்தது. வேன் டிரைவர் சிட்டிபாபு.

"யம்மா, வண்டி கேம்ப் ரோடாண்ட தண்ணில நின்னுகினு கீதும்மா. பாப்பா வூட்டுக்கு வந்துச்சா?"

"ஏன் கேக்கறீங்க அண்ணா?"

"கதவு சாத்தினது சாத்தினபடியே கீதும்மா. நான் எறங்கவே இல்ல. திரும்பிப் பாத்தா பாப்பாவ காணோம். பை கீது. ஷூ கீது. சாக்ஸோட, சீட்டுக்குக் கீய வச்சது வச்சபடியே கீதும்மா..." அவர் அழுதுகொண்டிருந்தார்.

போன் கையிலிருந்து நழுவியது.

வீட்டில் சூடேறிய தூசியின் வாடை.

"அம்மா."

நாற்காலியில் இருந்ததன் வாய் அசையவில்லை. குரல் கம்ப்யூட்டர் மேஜைப் பக்கத்திலிருந்து வந்தது. சுப்ரஜா மெல்லத் திரும்பினாள். பிளக் தரையில் கிடந்தது. ஸ்பீக்கர் விளக்கு எரியவில்லை.

"அம்மா, இங்க இருட்டா இருக்கு."

நித்யாவின் குரல். அழுது அழுது கம்மிய, அவள் பெற்ற குழந்தையின் குரல்.

"காலைல நீ சொல்லவே இல்லம்மா. இப்ப சொல்லும்மா. வான்னு சொல்லு, வந்துடறேன்."

சுப்ரஜா கறுப்புத் திரையின் முன் முழங்காலிட்டாள். ஒரு வார்த்தை. ஒரே ஓர் எழுத்து. சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

பின்னாலிருந்து சின்னஞ்சிறு கை ஒன்று கழுத்தைச் சுற்றி வந்தது. செல்லமாக. முதுகில் உப்புமூட்டை ஏறுகிற மாதிரி. உலர்ந்த உள்ளங்கை அவள் வாயைப் பொத்தியது. அதில் வெதுவெதுப்பான சூடு. விசிறி ஓடுகிற அதிர்வு.

"அம்மா?" என்றது திரைக்குள்ளிருந்து. "அம்மா, சொல்லு."

கை இன்னும் இறுக்கியது.