நெல்லும் இடது பிரேக்கும்

விழுந்தது அம்மா. பழி ஸ்கூட்டர் மேல்.

நன்னிலத்தில் அறுவடைக் காலம். வீரமணி மாமா தார்ச்சாலை வளைவில் நெல்லைக் காயப் போட்டிருந்தார். வளைவில் திரும்பிய அம்மா, நெல்லின் மேல் ஏறியதும் இடது பிரேக்கைப் பிடித்தார். புது ஸ்கூட்டர் சர்ரென்று சறுக்கியது. முழங்கால் சிராய்த்துவிட்டது.

"பழைய வண்டியில இதே மாதிரி எத்தனை தடவை பிடிச்சிருக்கேன்! ஒருநாளும் வாரிவிட்டதில்ல," என்றார் அம்மா.

"பொம்பளைக்கு எதுக்கு வண்டி மங்களம்? வித்துடு," என்றார் மாமா.

அம்மா முழங்காலில் ஒட்டிய நெல்லைத் தட்டிவிட்டார். ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் சுவேதாவுக்குத்தான் கோபம் பொங்கியது. வண்டி போனால் அம்மாவின் திருவாரூர் துணிக்கடை வேலையும் போகும். காலை பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

"நெல்லைக் கொட்டினது நீங்க. விக்கிறது எங்க வண்டியா?"

"வாய் மட்டும் வாய்க்கால் நீளம்!"

"வண்டியைப் பாத்துட்டு வாயைப் பத்திப் பேசலாம் மாமா."

அம்மா சென்டர் ஸ்டாண்ட் போட்டார். சுவேதா பின்னால் உட்கார்ந்து அழுத்தினாள். முன் சக்கரம் மேலே எழும்பியது. அம்மா அதைக் கையால் சுற்றிவிட்டு இடது பிரேக்கைப் பிடித்தார்.

சக்கரம் டக்கென்று நின்றது.

"அட! இடதைப் பிடிச்சா முன் சக்கரமும் நிக்குதே!"

மாமாவின் பழைய ஸ்கூட்டரில் அப்படி இல்லை. இடதைப் பிடித்தாலும் முன் சக்கரம் ஜாலியாகச் சுற்றியது.

"அப்ப புது வண்டிதான் மோசம்," என்றார் மாமா.

"இருங்க, இன்னும் முடியல."

நெல் இல்லாத சாலையில் சுவேதா சாக்பீஸால் கோடு போட்டாள். இருவரும் ஒரே வேகத்தில் வரவேண்டும். கோட்டில் இடது பிரேக் மட்டும்.

அம்மா கோட்டைத் தாண்டிச் சிறிது தூரத்திலேயே நின்றார். மாமா டீக்கடை வரை போய்விட்டார்.

"டீ வாங்கவா போனீங்க மாமா?"

டீக்கடையே சிரித்தது.

"ரெண்டு சக்கரமும் சேர்ந்து பிடிச்சா தார் ரோட்டுல சீக்கிரம் நிக்குது," என்றாள் சுவேதா. "நெல்லு மேல அதே முன் சக்கரம் வழுக்குது. நெல்லு வர்றதுக்கு முன்னாடியே மெதுவாயிடணும்மா."

"வளைவுல கிடந்தா முன்னாடி எப்படிடீ தெரியும்?"

இருவரும் மாமாவைப் பார்த்தார்கள்.

"அப்ப நெல்லை என் தலையிலயா காயப் போடுறது?"

"பாதி ரோட்டை விட்டுடுங்க. வளைவுக்கு முன்னாடி சிவப்புத் துணி கட்டுங்க."

"சிவப்புத் துணிக்கு நான் எங்க போவேன்?"

சுவேதா அவர் தோளைப் பார்த்தாள்.

மறுநாள் காலை அம்மா ஸ்கூட்டரில் வேலைக்குக் கிளம்பினார். வளைவுக்கு முன்னால் ஒரு மூங்கில் கழியில் சிவப்பாக ஏதோ படபடத்தது. அம்மா அங்கேயே வேகத்தைக் குறைத்து, நெல்லைத் தொடாமல் மறுபக்கமாகப் போனார். மாமா வெறும் தோளோடு நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணே துண்டைக் காணோம்?"

"டூட்டியில இருக்கு. நீ வேலைக்குப் போ!"