வியர்க்கும் படகு

காலை 6.10.

பட்டறை மூலையில் சாம்பல் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. எரிந்துபோனது கணவன் ஆறு வருடம் பார்த்துப் பார்த்துக் கட்டிய ஃபைபர் படகு என்று அவளிடம் சொன்னார்கள். அவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் மனம் வராமல் இருந்தவளை நெருப்புதான் இழுத்து வந்தது. அவர் போக நினைத்த கடல் வழியில், அவர் கட்டிய படகில், மகளோடு ஒருமுறை போய்வர வேண்டும். மிச்சமிருந்த ஒரே ஆசை அது.

"புகை வாடை வந்துதான் முழிச்சேன், அண்ணி." பக்கத்தில் நின்ற இன்னொரு படகைக் காட்டினான் கணவனின் கூட்டாளி. "நான் தூங்கின என் படகு தப்பிச்சுது. அண்ணனோடது போச்சு."

இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. போன மாதம்தான் இரண்டுக்கும் ஒரே வெள்ளை அடித்திருந்தான். அடையாளத்துக்குப் பித்தளைப் பெயர்ப் பலகை மட்டுமே. சாம்பலில் கிடந்த பலகையில் இருந்தது அவள் கணவன் வைத்த பெயர்.

6.25.

சுத்தியல் அக்கா வந்தார். படகுகளைத் தட்டிப் பார்த்துத் தகுதிச் சான்று தருபவர். விபத்து என்று ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் டீ குடிக்கப் போகலாம் என்ற நினைப்பில் போலீஸ்காரர் அவரை அழைத்திருந்தார்.

"ரெண்டும் ஒரே மாதிரி கட்டினதா?"

"வெளித்தோற்றம்தான் ஒண்ணு, மேடம்," என்றான் கூட்டாளி. "அண்ணன் கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்கா ரெசின் பசை தடவி, ஒரே கனமா கட்டினார். நான் நடுவுல ஃபோம் வெச்சு, ரெண்டு பக்கமும் மெல்லிசா துணி போட்டேன். பாதி எடை. பறக்கும்."

சாப்பாட்டு மேசையில் வருடக் கணக்கில் ஓடிய சண்டை அது. மிதக்கிற கட்டை மோதினால் உன் மெல்லிசுத் தோல் தாங்குமாடா என்பார் கணவன். உங்க குண்டுப் படகு கரையைத் தாண்டறதுக்குள்ள எனக்கு நரைச்சிடும் என்பான் இவன். அவளும் இவன் கட்சிதான். கணவனின் படகில் தூங்கினால் விடிகாலையில் உள்சுவர் வியர்த்து நெற்றியில் சொட்டும். திட்டிக்கொண்டே துடைப்பாள். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காக இப்போது எத்தனை சுவரையும் துடைக்கத் தயாராக இருந்தாள்.

6.40.

அக்கா சாம்பலில் இறங்கினார். ரெசின் எரிந்துபோய், இரும்புத் தாங்கியில் கண்ணாடித் துணி மட்டும் நின்றது. அதை விரலால் நிமிண்டிப் பார்த்தார். பிறகு தப்பிய படகுக்குள் ஏறினார். அவளும் பின்னாலேயே ஏறினாள். உள்ளே கம்பியில் ஒரு துண்டு, சொட்டச் சொட்ட ஈரமாகத் தொங்கியது.

"குளிச்சீங்களா?"

"எங்க மேடம்? முழிச்சதுல இருந்து நெருப்போட மல்லுக்கட்டத்தான் நேரம்."

"படகு ஒழுகுதோ?"

"என் படகா? ஒரு சொட்டு உள்ள வராது."

6.55.

அக்கா சுத்தியலைப் பைக்குள் போட்டார்.

"தட்டவே இல்லையே?" என்றார் போலீஸ்காரர்.

"தேவைப்படல. எரிஞ்சது இவரோட படகு சார், இந்தம்மாவோடது இல்ல. கொளுத்தினவரும் இவர்தான். பலகையை மாத்தினவர் துணியை மறந்துட்டார். கண்ணாடித் துணி எரியாது. ஒரே கனமா கட்டியிருந்தா இருபது அடுக்கும் தடிப் புத்தகம் மாதிரி சேர்ந்து நிக்கணும். அங்க ரெண்டு மெல்லிசுத் துணிதான் நிக்குது, நடுவுல ரெண்டு விரல் சந்து. ஃபோம் உருகிப்போன இடம் அது." கூட்டாளி பக்கம் திரும்பினார். "ஃபோம் குளிரை உள்ள விடாது, அது வெச்ச சுவர் இப்படி வியர்க்காதே. எதைத் துடைச்சீங்க?"

கூட்டாளி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அவசரப்பட்டுக் கட்டிட்டேன், அண்ணி. ஃபோம் துணியை விட்டுப் பிரிஞ்சு, எங்க தட்டினாலும் செத்த சத்தம். அது கடலைப் பார்க்கவே பார்க்காது. அண்ணனோடது சும்மா நின்னுது. நீங்க வரவே இல்ல. போகணும்னு எனக்கும் ஆசை இருக்காதா?"

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. கூடவே, இந்த ஏக்கம் தனக்கு மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தது வெட்கமாகவும் இருந்தது.

"கேட்டிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பேனே," என்றாள்.

7.20.

எல்லோரும் போன பிறகு படகுக்குள் இருந்த படுக்கையில் சாய்ந்தாள். தலையணையை நகர்த்தினாள். அவன் துடைக்காமல் விட்ட ஓர் இடம் தலைக்கு மேலே சுவரில் ஈரமாக மினுங்கியது. ஒரு சொட்டு உருண்டு அவள் நெற்றியில் விழுந்தது.

துண்டு கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் எடுக்கவில்லை.