இடது பக்கத்து ஈரம்

மார்ச் 11, புதன். என் தவறு: நேற்று மண்டையோட்டின் வலது பக்கத்தை மட்டும் நனைத்துவிட்டுக் கிளம்பினேன். இடது பக்கத்தை மறந்தேன். பேருந்தில் ஏறிய பிறகுதான் நினைவு வந்தது. திரும்பிப் போகவில்லை.

மாலை வகுப்பு தொடங்கும் முன், உடற்கூறு கூடத்து வாசலில் நின்றபடியே இதைத் தன் நோட்டில் எழுதினாள். உடனே உள்ளே போய்ப் பார்க்கத் துணிவில்லை.

மூன்றாவது மேசை அவளுக்கும், பகலில் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு மாலையில் உடன் படிக்கும் நர்ஸ் அக்காவுக்கும் உரியது. அதிலிருந்த மண்டையோட்டின் இரு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு ஜன்னல் வெட்டி, மூளையை எடுத்துவிட்டு, அதைப் போர்த்தியிருந்த உறையின் மடிப்புகளை மட்டும் விட்டிருந்தார்கள். மூளையின் இரு பாதிகளுக்கும் நடுவே உச்சியிலிருந்து இறங்கும் அரிவாள் வடிவத் திரை. தலை சட்டென்று திரும்பும்போது ஒரு பாதி மறு பாதியின் மேல் சாய்ந்துவிடாமல் தடுப்பது அதன் வேலை. பின்புறம் கூடாரம் போன்ற இன்னொரு மடிப்பு அதை இழுத்துப் பிடித்திருக்கும். திரையின் கீழ் விளிம்பு மட்டும் எலும்பில் ஒட்டாமல் தனியாக நிற்கும்.

காய்ந்தால் திரை வெடித்துவிடும். வெடித்தால் அந்த மேசைக்குத் தேர்வு இல்லை. போன வருடமே தவறியவள் அவள். மூன்றாம் முறை எழுத இங்கே விடமாட்டார்கள்.

உள்ளே போய், மண்டையோட்டை மூடியிருந்த துணியை விலக்கினாள். வலது பக்கம் லேசாக உலர்ந்திருந்தது. இடது பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"அக்கா, நேத்து இதை நீங்க நனைச்சீங்களா?"

"நான் உனக்கு முன்னாடியே கிளம்பிட்டேனே."

"அப்போ யாரு?"

"நீதான். தும்மினாக்கூட நோட்டுல எழுதற ஆளு, இதை எழுத விட்டிருப்ப."

பதில் கொஞ்சம் வேகமாகவே வந்ததாக அவளுக்குப் பட்டது. அக்கா தன்னைக் காப்பாற்றுகிறாளா, சோதிக்கிறாளா? நனைப்பு நீர் பாட்டிலை எடுத்துப் பார்த்தாள். தினமும் வகுப்பு முடிந்ததும் நீர்மட்டத்தில் பென்சிலால் கோடு போடுவது அவள் வழக்கம். நேற்றைய கோட்டிலிருந்து ஒரு நூல்கூட இறங்கவில்லை. குனிந்து முகர்ந்தாள். வலது ஜன்னலில், எப்போதும் மூக்கைக் கிள்ளும் மருந்து நெடி. இடது ஜன்னலில் அது இல்லை. இரவெல்லாம் யாரோ முகம் புதைத்துத் தூங்கிய தலையணையின் வாடை, அதோடு மெல்லிய வெதுவெதுப்பு.

கோட்டைத் தப்பாகப் போட்டிருப்பேன் என்று எண்ணிக்கொண்டாள். அவளுக்கு அவள் மேலேயே எப்போதும் சந்தேகம்.

புதன்கிழமை டார்ச் சோதனை. ஒருவர் இடது ஜன்னலில் வெளிச்சம் காட்ட, மற்றவர் வலது ஜன்னல் வழியே திரையில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நர்ஸ் அக்கா டார்ச்சைப் போட்டாள். திரை தேன் நிறத்தில் ஒளிர்ந்தது. நார்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. நடுவில் ஒரு நிழல், நீளவாக்கில்.

"அக்கா, விரலை எடுங்க. நிழல் விழுது."

"எந்த விரல்? ரெண்டு கையாலயும் டார்ச்சைத்தான் பிடிச்சிருக்கேன்."

"விளையாடாதீங்க."

"விளையாடற நேரமா இது? காலையில ஆறு மணியிலேர்ந்து நிக்கிறேன். சீக்கிரம் பாரு."

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். மண்டையோட்டுக்கு அந்தப் பக்கம் அக்கா கொட்டாவி விட்டாள். டார்ச்சைச் சுற்றி இரண்டு கைகள். பத்து விரல்கள். எண்ணினாள்.

மறுபடி குனிந்தாள்.

நிழல் இரண்டாகியிருந்தது.

மூன்று.

நான்கு. ஒல்லியானவை. ஒன்றையொன்று ஒட்டியவை. திரை அவள் பக்கமாக மெல்லப் புடைத்தது. நார்கள் விலகின. கிழியவில்லை. கிழிக்கும் எண்ணமும் அந்த நிழல்களுக்கு இல்லை. அவை கீழே நகர்ந்தன. தடவித் தடவி. எதையோ தேடி. திரை முடியும் இடம் வரை.

"என்ன, ஓட்டை ஏதாவது இருக்கா?" என்றாள் அக்கா.

"இல்ல."

கீழ் விளிம்புக்கு அடியில், இந்தப் பக்கம், நான்கு ஈரமான நுனிகள் வந்து வளைந்து பற்றின.

மார்ச் 11, வகுப்பு முடிந்த பின். திரை: முழுமை. விரிசல் இல்லை. சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாளைய வேலை: வலது பக்கத்தை மட்டும் நனைக்க வேண்டும்.