வீட்டுக்கு ஒரு பிள்ளை

அடுப்பு சுட்டது.

பல வருடமாக ஆள் இல்லாத வீடு. பூனை படுத்த சூடாக இருக்கும் என்று மறுபடி கை வைத்தவள், வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டாள். இடிந்த கூரையின் புழுதி வாடைக்கும் எலிப் புழுக்கை நாற்றத்துக்கும் அடியில், பால் பொங்கி வழிந்து கருகிய வாசனை.

"அண்ணா, இங்க யாராச்சும் அடுப்பு பத்த வெச்சாங்களா?"

வாசலில் வயர் சுற்றிக்கொண்டிருந்த சவுண்டுக்காரர் சிரித்தார். "ஏம்மா, டீ போட்டுத் தரப் போறாங்களா? சீக்கிரம் வா, இருட்டுது."

காலியான ஊருக்குக் கதையாலும் பாட்டாலும் உயிர் கொடுக்கிற திட்டம். வீட்டுக்கு ஒரு ஸ்பீக்கர். நாளை பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் தெருவில் நடந்தபடியே கேட்பார்கள். எழுதுவதும் பேசிப் பதிவு செய்வதும் அவள் வேலை. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குக் கிடைத்த முதல் வேலை. சாலையும் தண்ணீரும் வராமல் இந்த ஊர் எப்படிக் காலியானது என்றுதான் முதலில் எழுதினாள். "மனு மாதிரி இருக்கும்மா," என்று திட்டத்தை நடத்துகிற மேடம் திருப்பிக் கொடுத்தார். "கேக்கறவங்க அழணும்."

அழத்தானே வேண்டும்? பல்லைக் கடித்துக்கொண்டு கதையில் வீட்டுக்கு ஒரு தாயை உண்டாக்கினாள். வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கிணற்றில் தள்ளினாள். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்றார்.

தெருவில் இறங்கியபோது எதிர்வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்குத் தையல்காரியைக் கொடுத்தது அவள்தான். ஆனால் மெஷின் சத்தம் எதையும் பதிவு செய்யவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ இருமினார்கள். அதற்கடுத்த வீட்டில் பாத்திரம் உருண்டது.

"ஸ்பீக்கரை நிறுத்துங்கண்ணா."

"எப்பவோ நிறுத்திட்டேம்மா." அவர் குரலில் கேலி இல்லை. தோளில் மாட்டியிருந்த மைக்கை அவள் கையில் திணித்தார். ஓடினார். வேன் கிளம்பும் சத்தம். தேய்ந்தது. போயிற்று.

மெஷின் நின்றது.

கதவுகள் திறந்தன. வாசலுக்கு ஒருத்தி. தெருவின் இரண்டு முனையிலும் வந்து நின்றுகொண்டார்கள்.

தையல்காரிதான் கேட்டாள். "எங்க பிள்ளைங்களை எதுக்கும்மா கொன்ன?"

"அது... கதைக்கு."

"கதைக்கா? கதையை விட்டா நான் வேற எங்க இருக்கேன்?"

கூட்டம் நெருங்கியது. சூடான மூச்சு. கருகிய பால்.

"கொன்ன வாயாலயே கூப்பிடு."

மைக்கை வாயருகில் வைத்தாள். "பிள்ளைகள் சாகவில்லை. வீட்டுக்கு வருகிறார்கள்."

நிறுத்தியிருந்த ஸ்பீக்கர்களில் அவள் குரல் வீடு வீடாகக் கேட்டது.

கிணற்றுக்குள் தண்ணீர் அலம்பியது. பிறகு கல்லில் ஈரக் கால்கள். சின்னக் கால்கள். நிறைய.

தாய்மார்கள் ஓடினார்கள். வாரி எடுத்தார்கள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தாய்மார்களுக்குக் குரல், தொழில், நெற்றிச் சுருக்கம் வரைக்கும் எழுதியிருந்தாள். பிள்ளைகள் சாவதற்கு மட்டும் வந்தவர்கள். அவர்களைப் பற்றி, முகம் எப்படி என்றுகூட, ஒரு வரி கிடையாது.

தையல்காரி குனிந்தாள். கூழாங்கல் போல வழுவழுவென்றிருந்த அந்தச் சின்னத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, முத்தம் கொடுக்க இடம் தேடிக்கொண்டிருந்தாள்.