ஆற்றை விட்டு ஓடிய பந்து

பந்து உருண்டது. ஆற்றுப் பக்கம் அல்ல, வயல் பக்கம்.

"அக்கா, பந்து தப்பான பக்கம் போகுது!" என்று கத்தினான் வாலு.

வாலு என்பது தம்பிக்கு மாமா வைத்த பெயர். அக்காவுக்கு அவர் வைத்த பெயர் கேள்விமூட்டை. பட்டப்பெயர் வைப்பதில் மாமாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

கேள்விமூட்டை பந்தை எடுத்து வந்து மறுபடியும் கரைமேட்டில் வைத்தாள். மறுபடியும் அது வயல் பக்கமே ஓடியது. அப்படியானால் ஆற்றை விட்டுத் தள்ளிப் போகப் போக நிலம் தாழ்ந்துகொண்டே போகிறதா? ஆற்றோரம்தான் பள்ளம் என்றல்லவா வீட்டில் எல்லோரும் சொன்னார்கள்!

அவளுக்குத் திக்கென்றது. அம்மா தூரத்து வயலில்தான் மிளகாய் நாற்று நடப் போகிறார்.

மலையடிவாரத்தில் இருந்த அவர்கள் குடும்பம் போன வருடம்தான் இந்த ஆற்றுச் சமவெளிக்குக் குடிவந்தது. "ஆத்துக்கு எவ்வளவு தூரமோ, அவ்வளவு பத்திரம்" என்று மாமா சொன்னார். அம்மாவும் தூரத்து வயலில் நட்டார். வெள்ளம் வந்தது. அத்தனை செடியும் போயிற்று. இந்த வருடமும் போனால் நிலத்தை விற்றுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று அம்மா சொல்லியிருந்தார். கேள்விமூட்டைக்கோ இந்த ஆற்றைப் பிரிய மனமே இல்லை.

அவள் ஓடினாள். "அம்மா! கொஞ்சம் பொறும்மா, நடாத!"

"மூட்டை அவிழ்ந்துடுச்சுடா சாமி" என்று மாமா தலையில் கை வைத்தார்.

"மாமா, ஒரே ஒரு சொம்பு தண்ணி குடுங்க."

தூரத்து வயலில் ஒரு சின்னக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் அசையாமல் நின்றது. தவறி விழுந்த எறும்பு ஒன்று நிதானமாக நீந்திக் கரையேறியது.

பிறகு எல்லோரையும் கரைமேட்டுக்கு இழுத்துப் போனாள். அங்கேயும் ஒரு குழி, ஒரு சொம்பு தண்ணீர். குழி அதை மடமடவென்று குடித்துவிட்டது.

வாலு தன் பங்குக்கு இரண்டு மண்ணிலும் பாம்பு செய்து பார்த்தான். வயல் மண் பாம்பு அழகாக நெளிந்தது. கரை மண் பாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது.

"இது மணல். அது களிமண்" என்றார் அம்மா. "ஆனா பக்கத்துப் பக்கத்துல ஏன் வேற வேற மண்ணு?"

அதைத்தான் கேள்விமூட்டையும் யோசித்துக்கொண்டிருந்தாள். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் இரண்டு மண்ணையும் போட்டு, ஆற்றுநீர் ஊற்றிக் குலுக்கினாள். மணல் உடனே அடியில் உட்கார்ந்தது. களிமண் கீழே இறங்காமல் கலங்கியபடியே மிதந்தது.

"ஆங்!" என்று துள்ளினாள். "வெள்ளம் கரை தாண்டினதும் வேகம் கொறையுதும்மா. கனமான மணலை இங்கயே போட்டுடுது. லேசான களிமண்ணைத் தூரமா தூக்கிட்டுப் போய் மெதுவா படிய விடுது. அதான் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கரை மேடாகுது!"

மாமா விடவில்லை. "சரி, அடுத்த வெள்ளம் இந்த மேட்டுலயும்தானே ஏறும்?"

"ஏறும் மாமா. ஆனா சீக்கிரம் வடிஞ்சிடும். அந்தப் பள்ளத்துல நுழைஞ்ச தண்ணிக்குத்தான் கிளம்பவே மனசு வராது."

அம்மா நாற்றுகளையே பார்த்தார். "உண்மைதான். போன வருஷம் வெள்ளம் செடியை அடிச்சிட்டுப் போகல. நின்ன தண்ணியிலதான் வேர் அழுகிச்சு."

அன்று மாலையே, ஆறு அரிக்கும் விளிம்பை விட்டுக் கொஞ்சம் தள்ளி, கரைமேட்டில் மிளகாய் நட்டார்கள்.

செடிகள் வேர்பிடித்து வளர்ந்தபோது வெள்ளம் வந்தது. மேடு, பள்ளம் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு பழுப்பு நிறத்தில் பரவியது. கேள்விமூட்டைக்குச் சோறு இறங்கவில்லை. நான் சொன்னது தப்பாகிவிட்டால்?

தண்ணீர் இறங்கியதும் எல்லோரும் கரைமேட்டுக்கு ஓடினார்கள். செடிகள் சேறு பூசிக்கொண்டு, கொஞ்சம் சாய்ந்து, ஆனால் உயிரோடு நின்றன. அடியில் ஈரம் மட்டுமே இருந்தது. அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். அம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன.

"ஐயோ, யாராவது வாங்களேன்!" என்று தூரத்து வயலிலிருந்து குரல் வந்தது. அங்கே இன்னும் முழங்கால் தண்ணீர். கரைமேட்டிலிருந்து பள்ளத்தைப் பார்க்க இறங்கிப் போன மாமா அதன் நடுவில் நின்றார். ஒரு கால் களிமண்ணில் வசமாக மாட்டிக்கொண்டிருந்தது. வாலு சிரித்துச் சிரித்து உட்கார்ந்தே விட்டான்.

எல்லோரும் சேர்ந்து இழுத்ததில் கால் வெளியே வந்தது. செருப்பு வரவில்லை.

மாமா மூச்சு வாங்கினார். பிறகு முதல் தடவையாகக் கேள்விமூட்டையிடம் யோசனை கேட்டார். "ஏம்மா, இந்தப் பள்ளத்தைச் சும்மா விட்டுடறதா? இங்க என்னதான் போடறது?"

"நெல்லு போடுங்க மாமா. அதுக்குத்தான் கால் நனைஞ்சா கோபம் வராது!"